பரிசா, பங்கா? இரு உதவித்தொகைகளின் கணக்கு

கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை இரு வகை: திறமையைப் பார்த்துத் தருவது தகுதி உதவித்தொகை, குடும்பத்தின் பணநிலையைப் பார்த்துத் தருவது தேவை உதவித்தொகை. இரண்டின் விண்ணப்பப் படிவங்களையும் மேசையில் அருகருகே விரித்துவைத்துப் பாருங்கள். தகுதி உதவித்தொகைக்கான படிவம் உங்களைப் பற்றிக் கேட்கிறது: எத்தனை மதிப்பெண், எந்தப் போட்டியில் பரிசு, எந்த ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் தருவார். தேவை உதவித்தொகைக்கான படிவம் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறது: அப்பாவின் சம்பளம் என்ன, அம்மாவின் வருமானம் என்ன, கூடப்பிறந்தவர்களில் யார் யார் படிக்கிறார்கள், கடன் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு. முதலாவதை நிரப்பும்போது பெருமையாக இருக்கும். இரண்டாவதை நிரப்பும்போது, கேட்பது நியாயமான உரிமையே என்றாலும், கை கொஞ்சம் தயங்கும். வழக்கமான ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்தத் தயக்கத்துக்கு இடம் கிடையாது. யார் விண்ணப்பிக்கிறார், யார் பாதியில் விட்டுவிடுகிறார் என்பதில் அதற்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

தொடக்கத்தில் இரண்டும் இப்படிப் பிரிந்திருக்கவில்லை. 1643இல் லேடி மௌல்சன் என்று அழைக்கப்பட்ட ஆன் ராட்கிளிஃப், ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுன் கொடுத்தார். ஏழை மாணாக்கர் ஒருவரின் ஆண்டுச் செலவுக்கு அது பயன்பட வேண்டும் என்றார். படிக்கத் தெரிந்தவர், கையில் காசில்லாதவர்: இரண்டும் ஒரே ஆளுக்கான அடையாளங்கள். பிற்காலத்தில்தான் ஒன்று பரிசாகவும் மற்றொன்று உதவியாகவும் தனித்தனி வழியில் போயின.

அமெரிக்கக் கல்லூரிகள் தேவை உதவித்தொகைக்குப் போடும் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்கும் இடம் இது. பயிற்றுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், பயணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு வருடச் செலவு என்று வைக்கிறார்கள். அதிலிருந்து உங்கள் குடும்பத்தால் தர முடியும் என்று அவர்களுடைய சூத்திரம் சொல்லும் தொகையைக் கழிக்கிறார்கள். மீதிதான் ‘தேவை’. ஒரு கல்லூரியில் செலவு 100, குடும்பத்தால் தர முடிந்தது 30 என்றால் தேவை 70. செலவு 60 ஆக இருக்கும் இன்னொரு கல்லூரியில் அதே குடும்பத்தின் தேவை 30. முழுத் தேவையையும் ஈடுசெய்கிற கல்லூரிகளாக இரண்டும் இருந்தால், இரண்டிலும் நீங்கள் கொடுக்கப்போவது அதே 30தான். விலைப்பட்டியலைப் பார்த்து மிரண்டு நூறு ரூபாய்க் கல்லூரிக்கு விண்ணப்பிக்காமலேயே விட்டவர்கள், இல்லாத சுவரில் முட்டிக்கொண்டவர்கள். ஆனால் முழுத் தேவையையும் ஈடுசெய்யும் கல்லூரிகள் குறைவு. பல இடங்களில் 70இல் 40 கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டுவார்கள்.

தகுதி உதவித்தொகையில் இந்தக் கழித்தல் இல்லை. 20 என்றால் 20. மேடையில் கைதட்டலோடு தருவார்கள். 100 செலவுள்ள கல்லூரியில் 20 வாங்கினால் மீதி 80 யார் கட்டுவது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. உதவித்தொகையின் அளவை ஒப்பிடுவதே தவறான பழக்கம். கழித்த பிறகு நிற்கும் மீதியைத்தான் ஒப்பிட வேண்டும்.

அந்த மீதியிலும் ஒரு பொறி உண்டு. ‘நிதியுதவி’ என்று கல்லூரி அனுப்பும் கடிதத்தில் மானியம், வளாகத்தில் பகுதிநேர வேலை, கல்விக்கடன் மூன்றும் ஒரே பட்டியலில் கலந்திருக்கும். கடனை உதவி என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது பல கல்லூரிகளுக்கு இருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001இல் தன் தேவை உதவியில் கடனை நீக்கிவிட்டு முழுவதையும் திருப்பித் தர வேண்டாத மானியமாக மாற்றியபோது அது செய்தியானதற்குக் காரணம், மற்ற இடங்களில் நடைமுறை வேறாக இருந்ததுதான்.

இரண்டையும் ஒருசேர வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் கூட்டல் எப்போதும் கூட்டலாக இருப்பதில்லை. வெளியே ஓர் அறக்கட்டளையிடமிருந்து 20 பரிசு வாங்கி வந்தால், உங்கள் தேவை அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்லிக் கல்லூரி தன் மானியத்தில் 20ஐக் குறைத்துக்கொள்ளலாம். உழைத்தது மாணவர், மிச்சம் கல்லூரிக்கு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் பொதுப் பல்கலைக்கழகங்களில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக்கினால் பொதுப்பணம் எங்கே போகும் என்பதற்கு ஜார்ஜியா மாநிலத்தின் ‘ஹோப்’ திட்டம் நல்ல பாடம். 1993இல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு அதைத் தொடங்கினார்கள். பள்ளியில் ‘பி’ சராசரி (‘ஏ’வுக்கு அடுத்த தரம்) எடுத்திருந்தால் மாநிலப் பொதுக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை. முதல் வருடம் குடும்ப வருமானத்துக்கு 66,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. அடுத்த வருடம் அது 1,00,000 ஆனது. 1995இல் வரம்பே எடுபட்டது. தகுதியும் தேவையும் கலந்து பிறந்த திட்டம், இரண்டே வருடத்தில் தகுதி மட்டும் பார்ப்பதாக மாறியது. வரம்பு விரியும்போது வாக்காளர்கள் மகிழ்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது சில சுவாரசியமான விஷயங்கள் தெரிந்தன. உதவித்தொகை நிற்காமல் இருக்கக் கல்லூரியிலும் அந்தச் சராசரி வேண்டும். அதைக் காப்பாற்றிக்கொள்ள மாணவர்கள் ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களைக் குறைத்தார்கள். மதிப்பெண் இறங்கும் என்று தோன்றிய பாடத்திலிருந்து நடுவில் விலகினார்கள். கடினமானவற்றைக் கோடை வகுப்புக்குத் தள்ளினார்கள். கார் விற்பனையில்கூட இந்தத் திட்டத்தின் தடம் தெரிந்தது. எப்படியும் கல்லூரிக்குப் போயிருக்கக்கூடிய பிள்ளைக்குக் கட்டணம் மிச்சமானால் அந்தப் பணம் எங்காவது போகத்தானே வேண்டும். லாட்டரிச் சீட்டுக்குத் தங்கள் வருமானத்தில் பெரிய பங்கைச் செலவிடுபவர்கள் வசதி குறைந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பணம் ஓடிய திசை புரியும்.

தனியார் கல்லூரிகள் தகுதி உதவித்தொகையை வாரி வழங்குவதற்கு வேறு காரணம். ஏழை மாணவர் ஒருவருக்கு 40 கொடுப்பதற்குப் பதிலாக, வசதியுள்ள நான்கு பேருக்குத் தலைக்குப் பத்து கொடுத்தால் நால்வரும் மீதிக் கட்டணத்தோடு வந்து சேருவார்கள். கடைக்காரர் அதைத் தள்ளுபடி என்பார். கல்லூரி சான்றிதழில் பொன்னெழுத்தில் அச்சிடுகிறது. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களான ஐவி லீக் கல்லூரிகள் தகுதிக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை, எல்லாம் தேவை அடிப்படைதான். மாணவர்களை இழுக்க அவற்றுக்குத் தள்ளுபடி தேவைப்படாது என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் தகுதி உதவித்தொகையை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வருமானம் காகிதத்தில் ஒன்றாகவும் வீட்டில் வேறாகவும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மாதச் சம்பளக்காரரின் வருமானம் கடைசிக் காசு வரை தெரியும். சொந்தத் தொழில் செய்பவர் காட்டுவதுதான் கணக்கு. வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது, சற்றுக் கீழே இருந்தால் எல்லாம் கிடைக்கும். பெற்றோருடன் பேச்சே இல்லாத மாணவர் அவர்களுடைய வருமானச் சான்றுக்கு எங்கே போவார்? இவர்களுக்கெல்லாம் மதிப்பெண் ஒன்றுதான் சொந்தக் கையில் இருக்கும் ஆவணம். அந்த மதிப்பெண்ணும் தனிப் பயிற்சி, அமைதியான அறை, நல்ல பள்ளி என்று வீட்டு வசதியின் சாயம் ஏறியதுதான் என்றாலும்கூட.

தகுதி உதவியின் உண்மையான பலம் அது முன்கூட்டியே தெரிவது. இந்த மதிப்பெண் எடுத்தால் இந்தத் தொகை என்று பள்ளியில் இருக்கும்போதே கணக்குப் போடலாம். தேவை உதவி பெரும்பாலும் சேர்க்கைக் கடிதத்துக்கு அப்புறம்தான் எவ்வளவு என்று சொல்லும். இந்த வேறுபாடு எத்தனை பெரியது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் தொடங்கிய ஒரு சோதனை காட்டியது. நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு ஒரு கடிதம் போனது: இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கட்டணம் இல்லை, நிதிப் படிவம் எதையும் நிரப்ப வேண்டாம். இவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமான முறையில் விண்ணப்பித்திருந்தாலும் ஏறத்தாழ அதே உதவி கிடைத்திருக்கும். புதிதாக வந்தது முன்கூட்டிய உறுதி மட்டுமே. கடிதம் கிடைக்காதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்களின் பங்கு 12லிருந்து 27 சதவீதமானது.

எனவே பணம் கொடுக்கும் இடத்தில் நான் இருந்தால் தேவையைப் பார்த்துக் கொடுப்பேன். ஆனால் தகுதி உதவித்தொகையைப் போல முன்னரே, ஒரே வரியில், நிபந்தனை தெளிவாகச் சொல்லிக் கொடுப்பேன். பெறும் இடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது வேறு. இரண்டுமே வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டியவை, இரண்டும் அறுந்துபோகக்கூடியவை. முதல் பருவத்தில் தடுமாறினால் தகுதி உதவி நிற்கலாம். அக்கா படிப்பை முடித்தாலோ அம்மாவுக்குச் சம்பளம் உயர்ந்தாலோ தேவை உதவி சுருங்கலாம். கல்லூரி நிதியுதவி அலுவலகத்துக்குப் போனால் தொகையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். எந்தச் சராசரிக்குக் கீழே போனால் இது நிற்கும், இழந்ததை அடுத்த பருவத்தில் மீட்க முடியுமா, கட்டணம் உயர்ந்தால் இதுவும் உயருமா, வெளிப் பரிசு வாங்கி வந்தால் முதலில் என் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தையா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.