அகெரோன் படகுச் சவாரி: ஆறு அருமை, கதைதான் சுமார்

கிரீஸின் வடமேற்கே எபைரஸ் பக்கம் போனால் அம்மூதியா என்ற கடலோர ஊரில் இந்தச் சவாரியைத் தவறவிட வேண்டாம். இறந்தவர்களைக் கேரோன் என்ற பாதாளப் படகோட்டி ஏற்றிக்கொண்டு போவதாகக் கிரேக்கர்கள் நம்பிய அதே அகெரோன் ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது. பயமுறுத்தும் இருட்டெல்லாம் இல்லை. பச்சைத் தண்ணீர், இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நாணல், மேலே பறக்கும் தும்பிகள், அவ்வளவுதான்.

குறை வழிகாட்டியிடம்தான். கேரோனுக்குக் காசு கொடுங்கள் என்று ஒரு ஜோக், அதோடு சரி, மீதி நேரம் மைக்கில் பாட்டு. அகெரோன் வெறும் ஆறு இல்லை, ஒரு தெய்வமும்கூட. பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட பெர்செபோனி தேவி, அங்கே எதையாவது தின்றால் முழுசாகத் திரும்ப முடியாது என்றிருந்தும் மாதுளை முத்துகளைத் தின்றதைப் போட்டுக்கொடுத்து, அதற்குத் தண்டனையாக ஆந்தையாகிப்போன அஸ்கலாபஸ் இந்த ஆற்றுத் தெய்வத்தின் மகன்தான். இப்படி ஒரு கதை கையில் இருக்கும்போது பாட்டு எதற்கு?

அப்புறம், மெசொபொத்தமோஸ் ஊருக்கு மேலே குன்றில் இருக்கும் நெக்ரோமான்டியன் என்ற பழங்கால இடிபாட்டையும் பாருங்கள். 1958இல் அகழ்வைத் தொடங்கிய தொல்லியலாளர் டக்காரிஸ், இறந்தவர்களிடம் குறி கேட்ட இடம் இதுதான் என்றார். அங்கே கிடைத்த வெண்கலத் துண்டுகள் எறிபொறி என்ற போர்க்கருவியின் பாகங்கள், கட்டடமே அரண் போட்ட பண்ணைவீடு என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். எதுவானாலும் வளைவு வளைவாகப் போகும் அந்த நிலவறை அசத்தல்.

கிளிக்கி ஊற்றுப் பக்கம் ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம். தண்ணீர் ஐஸ், கூழாங்கல் வழுக்கும், ரப்பர் ஷூ கட்டாயம்.