திவாலில் வண்டிக் கடனுக்கு எந்த வட்டி: ஃபார்முலாவா, பழைய ஒப்பந்தமா?

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் ஒருவர், வண்டியை விடாமல் கடனைத் தீர்க்க நினைத்தால் சாப்டர் 13 திவாலுக்குப் போவார். 3 முதல் 5 ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ஏற்கலாம். முக்கிய நிபந்தனை: தவணையாக வரும் பணம், இன்றைய மதிப்பில், அடமானப் பொருளின் விலைக்குக் குறையக் கூடாது. அதனால்தான் வட்டி. எத்தனை சதவீதம் என்று சட்டம் சொல்லவில்லை.

கடன் வாங்கியவர் தரப்பு வக்கீல் அலுவலகத்தில் இந்தத் திட்டங்களை எழுதித் தருவது என் வேலை. வட்டிக் கட்டத்தில் நான் போடுவது ஃபார்முலா விகிதம்தான் (வங்கிகள் நம்பகமான வாடிக்கையாளருக்குப் போடும் அடிப்படை வட்டியான பிரைம் ரேட், அதோடு ரிஸ்குக்குக் கொஞ்சம்), ஆகவே என் சாய்வு தெரிந்ததே.

2004இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டில் வழக்கில் நான்கு வழிகள் மோதின. இண்டியானாவில் ஒரு தம்பதி 21 சதவீத வட்டிக்குப் பழைய டிரக் வாங்கியிருந்தார்கள். திவாலுக்குப் போனபோது பாக்கி 4,894.89 டாலர், டிரக்கின் மதிப்பு 4,000. பிரைம் ரேட் சுமார் 8, அதோடு ரிஸ்குக்கு 1.5 சேர்த்து 9.5 தருகிறோம் என்றார்கள். 21தான் வேண்டும் என்றது கடன் கொடுத்த நிறுவனம். நான்கு நீதிபதிகள் ஃபார்முலா பக்கம், நான்கு பேர் ஒப்பந்த வட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பக்கம். ரிஸ்குக்குச் சேர்க்கவே வேண்டியதில்லை என்ற நீதிபதி தாமஸ், முடிவில் மட்டும் தம்பதியோடு சேர, 9.5 நின்றது.

மற்ற இரண்டு வழிகளைச் சட்டென்று தாண்டிவிடலாம். கடன் கொடுத்தவர் தன் பணத்தை என்ன விலைக்குத் திரட்டுகிறார் என்று பார்ப்பது ஒன்று. அதற்கு அவர் கணக்கு வழக்கைக் குடைய வேண்டும். இதே மாதிரி ஆளுக்கு வெளிச்சந்தையில் என்ன வட்டி என்று பார்ப்பது இன்னொன்று. அதற்குச் சந்தை நிலவரம் தெரிந்த சாட்சி வேண்டும்.

ஒப்பந்த வட்டிக்காக, அந்தப் பக்கம் நின்ற நீதிபதி ஸ்கேலியா வைத்த வாதம் லேசானதல்ல. ரிஸ்கை ஏற்கெனவே சந்தை எடைபோட்டு 21 என்று சொல்லிவிட்டது. திவாலுக்குப் போனவரின் ரிஸ்க் அதைவிடக் குறையவா போகிறது? சாப்டர் 13 திட்டங்கள் நிறையவே பாதியில் கவிழ்கின்றன என்பதும் உண்மை. நான் ஒரு தரப்பிலிருந்து மட்டும் பார்த்தவன்; கவிழ்ந்த திட்டத்தில் கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு அடி என்பதை அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஆனால் எனக்கு முடிவைத் தருவது விகிதம் அல்ல. அதை மாற்றச் சொல்லி நிரூபிக்க வேண்டியவர் யார் என்பது. 4,000 டாலரை 36 மாதத்தில் அடைப்பதாக வையுங்கள். 9.5க்கு மாதம் சுமார் 128 டாலர், 21க்கு சுமார் 151. மொத்த வித்தியாசம் 800 டாலர் சொச்சம். ஒப்பந்த வட்டியிலிருந்து தொடங்கினால் அதைக் குறைக்க வேண்டிய சுமை திவாலான ஆளின் தலையில். 800 டாலருக்காக நிபுணர் சாட்சி வைப்பாரா? மாட்டார்; 21ஐக் கட்டித் தொலைப்பார். ஃபார்முலா அடியிலிருந்து ஏறுகிறது. பிரைம் ரேட் எல்லாருக்கும் தெரிந்த எண். கூடுதல் ரிஸ்க் உண்டு என்றால், கணக்கும் தரவும் கையில் வைத்திருக்கும் நிறுவனமே காட்டட்டும். கூட்டும் அளவு பொதுவாக 1 முதல் 3 சதவீதம். அதற்கும் மேல் வேண்டும் என்கிற அளவுக்கு ரிஸ்க் இருந்தால், அந்தத் திட்டத்தையே ஏற்கக் கூடாது என்பது ஃபார்முலா தரப்பின் பதில். அது எனக்குச் சரியாகவே படுகிறது.

2005 சட்டத் திருத்தம் கொஞ்சம் திருகிவிட்டது. சொந்த உபயோகத்துக்காகக் கடனில் வாங்கி 910 நாள் ஆகாத வண்டியென்றால் அசலை வண்டி மதிப்புக்குக் குறைக்க முடியாது, வட்டியைக் குறைக்கலாம். குடியிருக்கும் வீட்டுக் கடனிலோ பொதுவாக வட்டியையும் தொட முடியாது.

ஃபார்முலா காலை வாரும் இடமும் உண்டு: ஷோரூம் சலுகையில் 0.9 சதவீதத்துக்கு வாங்கிய புது வண்டி. 2023 ஜூலைக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் பிரைம் 8.5இல் நின்றது, 1 கூட்டினாலே 9.5. ஒப்பந்த வட்டி குறைவாக இருந்தாலும் ஃபார்முலாவே செல்லும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. அப்படிப்பட்ட கடனுக்கு, தவணைக் காலம் திட்டத்தைத் தாண்டி நீளுமானால், பழைய ஒப்பந்தப்படியே கட்டிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.