செக் என்ஜின் லைட்: கையிலுள்ள ஸ்கானரா, ஊர்க் கராஜா, கொழும்பா?

சாவகச்சேரி தாண்டி ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வந்துகொண்டிருக்கும்போதுதான் என் காரில் செக் என்ஜின் என்ற மஞ்சள் லைட் எரியத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டு பென்ஸ் சி200 கொம்பிரசர். என்னிடம் வருமுன் இரண்டு பேரிடம் இருந்த கார். ஓட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. நிற்கும்போது மட்டும் என்ஜின் இலேசாக உதறியது.

லைட் விட்டுவிட்டு மினுங்கியிருந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டியிருப்பேன். மினுங்கினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை. எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். நிலையாக எரிகிறது, சிவப்பு ஒயில் லைட் பற்றவில்லை, சூடும் ஏறவில்லை என்றால் நிதானமாக வீடு வந்து சேரலாம். அப்படித்தான் வந்தேன்.

அடுத்த நாள் போன கராஜில் ஸ்கானரைச் செருகினார்கள். பி0171 என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோட், வந்தது. "ஒக்சிஜன் சென்சர் பழுதாப் போச்சு அண்ணை" என்றார் தம்பி. இரண்டு நிமிடத்தில் முடிந்த சோதனை. புதுச் சென்சர் போட்டு, கோட்டை அழித்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் லைட் திரும்பவும் பற்றியது.

பி0171 எந்தப் பொருளின் பெயரும் இல்லை. கலவையில் காற்றுக் கூட, பெற்றோல் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். காற்று எங்கேயோ களவாக உள்ளே போயிருக்கலாம், பெற்றோல் பம்ப் களைத்திருக்கலாம், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். புகையில் ஒக்சிஜன் கூட இருக்கிறது என்று உள்ளதைச் சொன்ன சென்சரைத்தான் நாங்கள் கழற்றி எறிந்திருந்தோம்.

அப்புறம்தான் சில ஆயிரம் ரூபாய்க்கு கோட்டை வாசிக்கும் ஒரு புளூடூத் ரீடர், அதாவது கையடக்க ஸ்கானர், வாங்கினேன். ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 ஊசி சொக்கற்றில் அதைச் செருகிவிட்டு, போனில் ஃபியூவல் ட்ரிம் என்ற அளவைப் பார்த்தேன். வழக்கத்தைவிட எத்தனை வீதம் பெற்றோலைக் காரின் கம்பியூட்டர் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதை அது காட்டும். பத்துக்குள் நின்றால் பொதுவாகப் பயமில்லை. என் காரில் ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, 22. அக்சிலரேற்றரை மிதித்து நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்தபோது 4க்கு இறங்கிவிட்டது. ஓட்டைக்குள்ளால் போகும் காற்று, ஐட்லிங்கில் என்ஜின் இழுக்கும் கொஞ்சக் காற்றோடு பார்த்தால் பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பம்ப் களைத்திருந்தால் நேர்மாறாக, மிதிக்க மிதிக்க எண் ஏறியிருக்கும். ஆக, களவுக் காற்றுத்தான். கராஜ் ஸ்கானரிலும் இதே எண் இருந்தது. திரையை அடுத்த பக்கத்துக்குத் தட்ட ஆளில்லாமல் போயிற்று.

ஆனால் ஓட்டை எங்கே என்று ரீடர் சொல்லாது. அதற்குக் கொக்குவில் பக்கம் இன்னொரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்தவர் ஸ்கானரைத் தொடுமுன் காற்றுக் குழாய்க்குள் புகை விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ரோர்ச் லைட்டோடு குனிந்துகொண்டு நின்றோம். சற்று நேரத்தில் காற்றைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மனிஃபோல்டின் அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. என்ஜினின் உள்மூச்சைத் திருப்பி அனுப்பும் பிரீதர் குழாய். கழற்றி எடுத்து வளைத்தார். ரப்பர் பிஸ்கட் மாதிரி உடைந்து கையில் வந்தது. இந்த எம்271 என்ஜினில் அது வெடிப்பது தெரிந்த வியாதி. குழாய் மாற்றியபிறகு ஐட்லிங்கில் ட்ரிம் 3.

ஆகவே ஊர்க் கராஜ் என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவது பிழை. ஒன்று கோட்டைப் பார்த்துப் பொருளை மாற்றும். மற்றது அளந்து பார்த்துக் கை வைக்கும். வித்தியாசத்தை அறிய ஒரு கேள்வி போதும்: "இந்தப் பாட்ஸ்தான் பழுது என்று எப்படிப் பிடிச்சனீங்கள்?" அளவையோ உடைந்த இடத்தையோ காட்டுபவரிடம் காரை விட்டுவிட்டு வரலாம்.

கம்பனி மென்பொருள் உள்ள இடத்துக்குக் காரை அனுப்பும் கொழும்பு வழியை மைத்துனரின் பீஎம்டபிள்யூவோடு பார்த்தேன். கியர் ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டது. என் ரீடர் "கியர்பொக்ஸில் கோளாறு" என்ற பொதுக் கோட்டோடு நின்றுவிட்டது. கியர்பொக்ஸ் கம்பியூட்டருக்குள் அதனால் போக முடியாது. கம்பனி மென்பொருளான இஸ்டா இருந்த இடத்தில் உள்ளே சேமித்திருந்த எல்லாம் வரிசையாக வந்தன. பென்ஸுக்கு இதே வேலையைச் செய்வது சென்ட்ரி. திறப்பு, களவைத் தடுக்கும் இம்மொபிலைசர், புதுக் கம்பியூட்டர் மொடியூலைக் காருக்குப் பழக்குவது எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. ஆனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், லொறி வாடகை, அங்கே நாள்கணக்கில் காத்திருப்பு. வெடித்த ரப்பர் குழாய்க்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் என்னுடையது போன்ற பென்ஸில், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது செயின் கடகடத்து, பி0016உம் வந்தால் தயங்காமல் அனுப்புங்கள். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க், காம் என்ற தண்டுகள் இரண்டின் நேரமும் பொருந்தவில்லை என்பது அந்தக் கோட். எம்271 என்ஜினில் அவை இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டுபோவதும் உண்டு.

பற்றரி வயரைக் கழற்றி மாட்டச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். லைட் அணையலாம், ஆனால் கோட் பதிந்த நொடியில் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று கம்பியூட்டர் எடுத்துவைத்த பதிவும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும். மெக்கானிக்குக் கிடைக்கிற நல்ல துப்பு அதுதான்.

எனக்கு மூன்றில் முதல் இடம் ரீடருக்கே. பழுது பார்க்க மட்டுமல்ல, கார் வாங்கப் போகும்போதும் அதைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் திறந்தும் வரி தாங்க முடியாததால், பழைய சொகுசுக் காருக்கே பெரிய காசு கொடுக்கிறோம். திறப்பைத் திருப்பியதும் செக் லைட் ஒருதரம் பற்ற வேண்டும். பற்றாவிட்டால் யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். பிறகு ரீடரில், கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் என்ற பக்கத்தைத் திறவுங்கள். சோதனைகள் பல "முடியவில்லை" என்று கிடந்தால், கோட்டை அண்மையில் அழித்திருக்கலாம், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கலாம். முற்பணம் கொடுக்க வேண்டாம். நாலைந்து நாள் ஓடியபிறகு திரும்ப வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.