ஹோய் ஆனில் ஷூ செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வியட்நாமின் ஹோய் ஆனுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டு ஜோடி தோல் ஷூவுக்கு என்னிடம் 48 லட்சம் டாங் வாங்கினார்கள். நம் பணத்தில் கிட்டத்தட்ட 16,000 ரூபாய். வாங்கிக்கொண்டு அட்டையையும் துணியையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் பணம் போனது ஒருபக்கம். அப்பாவின் காலில் புண் வந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. பெயரை வைத்து ஒதுக்கினால் அடுத்த கடையில் போய் இதே வலையில் விழுவீர்கள். எப்படிப்பட்ட கடை என்று மட்டும் சொல்கிறேன். பழைய நகரத்தில் நடந்தால் வரிசையாகத் தையற்கடைகள், இடையிடையே தோல்கடைகள். இன்று அளவு கொடுத்தால் நாளை கையில் என்பார்கள். அவற்றில் ஒன்று அது. சுவர் முழுக்க மாதிரி ஷூக்கள், வாசலில் தொங்கும் பைகள், உள்ளே ஒரு சிறிய சோபா. நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பறையில்தான் சலுகைச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். இப்படி அனுப்பும் ஆட்களுக்கெல்லாம் கடைக்காரர்கள் கமிஷன் கொடுப்பது அந்த ஊர் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு வலது கட்டைவிரல் மூட்டு வெளியே புடைத்திருக்கும், பாதமும் அகலம். கடையில் விற்கும் எந்த ஷூவும் அவருக்குச் சேராது. அதற்காகவே சென்னையிலிருந்து கிளம்பும்போது அவர் பாதங்களைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு வரைந்து, நாடாவால் சுற்றளவு எடுத்துக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். கடைப்பெண் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கி மேசையில் விரித்தாள். கோடு வெளியே வளைந்திருந்த இடத்தை விரலால் தடவி, “உங்கள் அப்பாவுக்கு இங்கே வலிக்குமே” என்றாள். தன் தகப்பனாருக்கும் அதே தொல்லை, அவருக்கு இங்கேதான் ஷூ செய்து கொடுத்தோம் என்றாள். நான் சொல்லாமலே வலியைக் கண்டுபிடித்தவள் ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்து ஒரு பழுப்பு நிறத் தோல் துண்டை எடுத்து லைட்டர் சுடரில் காட்டினாள். முடி கருகும் வாடை வந்தது, உருகவில்லை. அசல் தோல்தான். அந்தத் துண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கையில் கொடுத்தாள். ஷூவின் அடிப்பாகமான சோலை வெறும் பசையால் ஒட்ட மாட்டோம், சுற்றிலும் தைப்போம், பத்து வருடம் உழைக்கும் என்றாள். கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடுதல் என்றதால் 48 லட்சம் டாங்கையும் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை போட்டுப் பார்க்க வரச் சொன்னார்கள். போனால் மழை, பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை என்றார்கள். அப்போதுதான் கடையில் பட்டறையே இல்லை என்பது புரிந்தது. அளவெடுப்பவர் ஒருவர், ஊருக்கு வெளியே எங்கோ செய்பவர் வேறொருவர். கடைசியில் நாங்கள் டா நாங் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முந்தைய இரவு, ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து விடுதியில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். என் ஜோடியைப் போட்டு நடந்தால் குதிகால் நழுவி வெளியே வந்தது. உடனே போன் செய்தேன். போடப் போடப் பிடித்துக்கொள்ளும் என்றார்கள்.

ஊருக்கு வந்ததும் அப்பா ஆசையாக ஒரு கல்யாண வரவேற்புக்குப் போட்டுக்கொண்டு போனார். அவருக்குச் சர்க்கரை நோய், கால் பாதி மரத்துப்போயிருக்கும். உரசியது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கழற்றியபோது சாக்ஸில் ரத்தம். சர்க்கரைக்காரருக்குக் காலில் வரும் பெரிய புண்கள் பல இப்படிச் சின்ன உரசலில்தான் தொடங்குகின்றன என்று டாக்டர் கண்டித்தார். இப்போது தினமும் கட்டு மாற்றுகிறோம்.

என் அத்தை மகன் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறான். அவனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாக்குப் பகுதியின் ஓரத்தைப் பிளேடால் சீவி, “இங்கே பாருங்கள் மச்சான்” என்றான். தோலாக இருந்தால் வெட்டிய இடத்தில் நார் நாராகத் தெரிய வேண்டும். இதில் மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம், கீழே நெய்த துணி. அந்தப் பெண் கொடுத்த தோல் துண்டைப் பக்கத்தில் வைத்தோம். நிறம் அச்சாக ஒன்று, பொருள் வேறு. சோலைச் சுற்றி அழகாகத் தெரிந்த தையல் ஒரு ரப்பர் பட்டையில் போட்டது. அந்தப் பட்டையையே பசையால்தான் ஒட்டியிருக்கிறார்கள். தையல் சோலுக்குள் இறங்கவே இல்லை. உள்ளே அட்டை. அந்த அட்டையைத் தூக்கினால் அடியில் 42 என்று முத்திரை. அப்பாவின் பாதம் வரைந்த தாளைச் செய்த இடத்தில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் பொதுவான 42-ஆம் எண் கால் அச்சில் போட்டு இழுத்திருக்கிறார்கள். 16,000 ரூபாய்க்கு இது!

வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதலில் படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இயற்கைத் தோல் அப்படித்தான் இருக்கும் என்று பதில். வெட்டிய ஓரத்தின் படத்தை அனுப்பினேன். முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, கடைக்கு நேரில் வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். சென்னையிலிருந்து நான் நேரில் போக வேண்டுமாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும், உங்கள் செலவில் கூரியரில் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்கள். அப்பாவின் காலைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கு வந்தது கும்பிடும் கை படம் ஒன்று. அத்தோடு சரி. படித்ததற்கான நீல அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை.

அந்த ஊரில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் நாம் இரண்டு மூன்று நாளில் விமானம் ஏறிவிடுவோம் என்பதை நம்பியே கடை நடத்துபவர்களும் இருக்கிறார்கள்.

விரிவாக யோசனைகள் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே நாளில் கையால் தைத்த ஷூ என்று சொன்னால் நம்பாதீர்கள். மேல்தோலை அச்சில் இழுத்துப் படியவிடவே நாட்கள் வேண்டும். லைட்டர் சோதனையைத் துண்டில் காட்டினால் போதாது, ஷூ கைக்கு வந்ததும் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மூன்று சதவீதம் போனாலும் கார்டில் கட்டுங்கள், வங்கியிடம் முறையிடவாவது வழி இருக்கும். பாதிப் பணத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். கடையில் போட்டு நடந்து பார்க்காமல் மீதியைக் கொடுக்கவே கூடாது. விடுதிக்கு அனுப்புகிறோம் என்றால் முடியாது என்று சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், அவர் நேரில் வராமல் இப்படி அளவு கொடுத்து எதையும் செய்யச் சொல்லாதீர்கள்.

கட்டு மாற்ற நர்ஸ் வந்துவிட்டார், எழுந்து போகிறேன்.