ரைட் கிளிக் மெனு: ஷெல்எக்ஸ்வியூவா, ரெஜிஸ்ட்ரியா?

விண்டோஸில் ரைட் கிளிக் மெனுவைக் குறைக்க ஷெல்எக்ஸ்வியூதான் என் முதல் தேர்வு. நிர்சாஃப்ட் தரும் இலவசக் கருவி. மைக்ரோசாஃப்ட் அல்லாத எக்ஸ்டென்ஷன்களை, அதாவது மற்ற நிரல்கள் சேர்க்கும் துணைக்கூறுகளை, இளஞ்சிவப்பில் காட்டும். வேண்டாததை முடக்கலாம், எதுவும் அழியாது, மனம் மாறினால் திரும்ப இயக்கலாம். மெனு திறக்கவே திணறுகிறதா? ஒவ்வொன்றாக முடக்கிப் பாருங்கள், காரணம் பிடிபடும்.

சரி, புதிதாக ஒன்றைச் சேர்க்க? அதற்கு விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிதான். கிளாசஸ் ரூட்டுக்குள் டைரக்டரி, பேக்ரவுண்ட், ஷெல் என்று போய், மெனுவில் தெரிய வேண்டிய பெயரில் ஒரு கீ (ஃபோல்டர் போன்றது) உருவாக்குங்கள். அதற்குள் கமாண்ட் என்று இன்னொரு கீ. அதன் டீஃபால்ட் மதிப்பாக நிரலின் பாதை. கை வைக்கும் முன் ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வையுங்கள், இதை மட்டும் தவிர்க்காதீர்கள். அப்புறம், விண்டோஸ் 11-இல் இது ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் வரும் பழைய மெனுவில்தான் தெரியும்.