விடுமுறைக்கு ஒரு வெள்ளைப் பலகை: வாங்கலாமா?

கல்வியாண்டு முடிந்ததும் பிள்ளைகளுக்கு முதலில் குலைவது தூக்கம். அதைச் சீராக்க, அழித்தெழுதும் மாத அட்டவணைப் பலகை நன்றாகவே உதவுகிறது. கைபேசிச் செயலியைவிட இதுவே மேல்; நாளைப் பார்க்கத் திரையைத் திறக்க வேண்டியதில்லை.

மெலமைன் என்ற பிளாஸ்டிக் போன்ற பூச்சுள்ள பலகை விலை குறைவு. ஆனால் எழுத்தை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் மை பூச்சுக்குள் இறங்கி நிழலாகத் தங்கிவிடும். விடுமுறை முழுக்க எழுதிவைக்க எனாமல் (கண்ணாடி போன்ற கடினப் பூச்சு) பூசிய எஃகுப் பலகைதான் சரி. தவறுதலாக நிரந்தர மார்க்கரில் எழுதிவிட்டால், அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள். புது மையிலுள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடும்.

முதலில் எழுத வேண்டியவை எழும் நேரமும் படுக்கும் நேரமும்தான். 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரமும் தூக்கம் தேவை. பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்பத் தொடங்குங்கள். கடைசி இரவில் ஒரேயடியாக மாற்றினால் தூக்கம் வராது; உடலின் கடிகாரம் மெதுவாகத்தான் நகரும்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, எல்லாக் கட்டத்தையும் வகுப்புகளால் நிரப்புவது. பாதியாவது காலியாக இருக்கட்டும். மதிப்பெண்ணை மட்டும் தயவுசெய்து அதில் எழுதாதீர்கள். பலகையின் ஓரத்தில், மனம் கனத்தால் பிள்ளை அழைக்கக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும்.