சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு: ஏழு வருட இன்டர்நேஷனல் ஸ்கூல் அனுபவம்

2017 ஜூனில் சிங்கப்பூர் வாழ்க்கையை முடித்துக்கொண்டு திருவான்மியூருக்குக் குடிவந்தோம். மூத்தவள் அங்கே உள்ளூர் அரசுப் பள்ளியில் பிரைமரி ஐந்தாவதில் பாதி முடித்திருந்தாள். சின்னவள் பிரைமரி ஒன்று. இங்கே பள்ளி தேடிய நாட்களில் என் கைக்குக் கிடைத்தவை எல்லாம் பளபளப்பான வளாகப் படங்களும், "ஸ்கூல் நல்லா இருக்கு" என்ற ஒற்றை வரிகளும்தான். ஒரு குழந்தை அங்கே சேர்ந்து, படித்து, வெளியே போகும்வரை என்ன நடக்கிறது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

மூத்தவள் 2024 மே மாதம் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பான டிப்ளமாவை எழுதி முடித்து இப்போது கல்லூரியில் இருக்கிறாள். சின்னவள் நடுவில் பள்ளி மாறி, கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைப் படிப்பான ஐஜிசிஎஸ்இ படிக்கிறாள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு சென்னைக்குத் திரும்ப யோசிப்பவர்களுக்கு உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். வாசலில் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று எழுதியிருக்கும், உள்ளே நடப்பது சிபிஎஸ்இ. அதில் தவறு இல்லை, நாம் தேடி வந்தது அதுவா என்பதுதான் கேள்வி. ஐபி என்று சொல்லும் பள்ளியாக இருந்தால், 1968ல் ஜெனீவாவில் தொடங்கிய அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பிரைமரி, மிடில், டிப்ளமா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. அனுமதி வருவதற்கு முன் இருக்கும் நிலைக்கு கேண்டிடேட் ஸ்கூல் என்று பெயர். "டிப்ளமா சீக்கிரம் வந்துடும் மேம்" என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். என் மகள் பதினொன்றுக்கு வரும்போது வந்திருக்குமா என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டோம்.

தரமணியில் 1995 முதல் இருக்கும் அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல், வெளிநாட்டு நிறுவனங்கள் மூலமாகச் சென்னைக்கு வரும் குடும்பங்களுக்கு ஏற்றது. கட்டணத்தை நிறுவனம் தந்தால் தாராளமாக யோசிக்கலாம், நம் கையிலிருந்து கட்டுவதென்றால் வேறு கணக்கு. மாமா ஒருவர் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலைச் சொன்னார். 1901ல் தொடங்கிய பள்ளி, இந்தியாவில் ஐபி முதலில் வந்ததும் அங்கேதான். ஆனால் பிள்ளைகளை விடுதியில் விடுவதற்காகவா ஊருக்குத் திரும்பினோம்? ஓஎம்ஆர் பக்கம் பிரைமரி முதல் டிப்ளமா வரை உள்ள ஒரு பள்ளியில் இருவரையும் சேர்த்தோம்.

முதல் மூன்று நான்கு வருடம் நிறைவாக இருந்தது என்று மனதாரச் சொல்வேன். சிங்கப்பூரில் ஆறாவது முடிவில் எழுத வேண்டிய பிஎஸ்எல்இ தேர்வு அங்கே வீட்டுக்குள் என்ன இறுக்கத்தைக் கொண்டுவரும் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். இங்கே மூத்தவள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டாள். அம்மா "சாயங்காலம் நகம் வெட்டக் கூடாதுடி" என்றால், "ஏன் பாட்டி, யார் சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று உட்கார்ந்துவிடுவாள். அம்மாவும் சளைக்காமல் பதில் சொல்வார். 2020ல் பள்ளிகள் மூடியபோதும் ஆன்லைன் வகுப்பை ஒழுங்காக நடத்தினார்கள்.

சிக்கல் டிப்ளமாவில் வந்தது, அதுவும் பாடத்திட்டத்தால் வரவில்லை. மகள் கெமிஸ்ட்ரியை ஹையர் லெவல் எனப்படும் ஆழமான நிலையில் எடுத்திருந்தாள். முதல் டெர்ம் முடியும் சமயம் ஆசிரியர் வேறொரு நாட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் சிபிஎஸ்இயில் பல வருடம் பாடம் எடுத்தவர், பாடத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் ஐபி அறிவியலில் மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு இன்டர்னல் அசெஸ்மென்ட். மாணவி தானே ஒரு கேள்வியை வைத்து, சோதனை செய்து, அறிக்கை எழுத வேண்டும். எந்தக் கேள்வி நிற்கும், எது நிற்காது என்று சொல்ல அந்த முறையில் பழகிய கண் வேண்டும். அது இல்லாததால் மகள் கேள்வியையே மாற்றி மறுபடி முதலிலிருந்து செய்தாள். பன்னிரண்டாவது தொடங்கும்போது அவரும் போய் மூன்றாமவர் வந்தார். பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது, "ரீப்ளேஸ்மென்ட் உடனே போட்டுடறோம் மேம்" என்ற பதில்தான். போட்டார்கள், உண்மை. இரண்டே வருடப் படிப்பில் மூன்று பேர் நடத்திய பாடத்தை மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது.

அதே பள்ளியில் பயாலஜி மேம் அங்கேயே பல பேட்ச்களை முடித்து அனுப்பியவர். நாலாயிரம் வார்த்தைக்குள் எழுத வேண்டிய எக்ஸ்டெண்டட் எஸ்ஸேவுக்கு மகள் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை எடுத்தாள். 2022ல் அதற்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்திருந்த நேரம். "சதுப்புநிலம் முழுக்க எழுதினா நாலாயிரம் வார்த்தை பத்தாதும்மா, ஒரு பறவை, ஒரு இடம், ஒரு சீசன்னு வெச்சுக்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தால் அவளுக்குப் பல மாத உழைப்பு மிச்சம். ஒரே கட்டடம், ஒரே கட்டணம், ஒரே பாடத்திட்டம். இரண்டு பாடங்களுக்கும் வித்தியாசம், நிலைத்திருந்த ஒரு ஆசிரியர்.

அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீச்சல்குளத்தைச் சுற்றிக் காட்டுபவரிடம் இதைக் கேளுங்கள்: இப்போது டிப்ளமா நடத்தும் ஆசிரியர்களில் இதே பள்ளியில் இரண்டு பேட்ச்களையாவது முழுசாக முடித்தவர்கள் யார் யார்? பெயரும் பாடமுமாகக் கேளுங்கள். அடுத்து, போன வருடம் கணித்துக் கொடுத்த பிரெடிக்டட் மதிப்பெண்ணுக்கும் கடைசியில் வந்ததற்கும் எவ்வளவு இடைவெளி? பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது இந்தக் கணிப்பை வைத்துத்தான். ஆறு பாடத்துக்கு ஏழேழு, கூடுதல் மூன்று, ஆக 45 என்ற கணக்கில், 38 என்று கணித்துக் கொடுத்து 32 வந்தால் கிடைத்த இடம் கைவிட்டுப் போகும். நல்ல பள்ளி இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும். பிரவுச்சரில் இருக்கும் பாடங்களில் எவை உண்மையில் நடக்கின்றன என்பதையும் விசாரியுங்கள். டிப்ளமா வகுப்புகள் சிறியவை, ஒரு பாடத்துக்கு இரண்டு பேர்தான் என்றால் அந்தப் பாடத்தைத் திறக்க மாட்டார்கள்.

மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நீட்டுக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் வேண்டும். ஐபி டிப்ளமாவில் அறிவியலுக்கு ஒரு பிரிவு, கலைக்கு ஒரு பிரிவு. கலைக்குப் பதிலாக இரண்டாவது அறிவியலை எடுக்கலாம். மூன்றாவது அறிவியல் வேண்டுமென்றால் வழக்கமான அமைப்புக்குள் இடமில்லை, நான்-ரெகுலர் டிப்ளமா என்று பள்ளி தனியாக அனுமதி வாங்கித் தர வேண்டும். இதைப் பதினொன்றில் சேரும்போதே பேசி முடிக்க வேண்டும். இன்னொன்று, 2024ல் நீட் மே 5 அன்று நடந்தது, ஐபி தேர்வுகளின் நட்ட நடுவில். மகளின் தோழி இரண்டுக்கும் சேர்த்துத் தயாரானாள். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. நீட்தான் இலக்கு என்றால் பதினொன்றுக்கு சிபிஎஸ்இக்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறுவது பிள்ளைக்கு நாம் செய்யும் கருணை என்றே நினைக்கிறேன்.

பொறியியலுக்கும் இதே காலண்டர் தொல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கலந்தாய்வு விண்ணப்பம் மே, ஜூனில் போய்விடும், ஐபி முடிவோ ஜூலை முதல் வாரம். இந்தியாவில் ஐபிக்கு மதிப்பில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயு 1983லேயே டிப்ளமாவைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது. பிரச்சினை தேதிகளில்தான். தனியார் பல்கலைக்கழகங்களில் பிரெடிக்டட் மதிப்பெண்ணை வைத்தே இடம் தருபவை உண்டு. என் மகள் அப்படித்தான் உயிரியலில் சேர்ந்தாள்.

வெளிநாட்டுக் குடியுரிமையோடு, இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி, நீட், ஜேஇஇ வழியாக அவர்கள் போட்டியிடக்கூடியது என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே. அதற்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அட்டையின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இனித் தமிழ். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. மூத்தவள் அங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழை எழுதி, வாசித்து, பேச்சுப்போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவள். சென்னைக்கு வந்தோம், பள்ளியில் தமிழ் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆறிலிருந்து பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஹிந்தி. கடல் தாண்டி இருந்தபோது தமிழ்க் கட்டுரை எழுதிய பெண், மயிலாப்பூருக்குச் சில ஸ்டாப் தள்ளி இருந்துகொண்டு பிரெஞ்சு வினைச்சொல் மனப்பாடம் செய்தாள். பிரெஞ்சு மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இந்த ஊரில் இயங்கும் பள்ளிக்கு இந்த ஊர் மொழி ஒரு கூடுதல் விஷயமாகத் தெரிவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வீட்டில் நாங்களே ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், சிறுவர் பிரிவில் ஆளுக்கொரு தமிழ்ப் புத்தகம். வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தயாரித்த பாடங்களைச் சென்னையில் உட்கார்ந்து படித்தோம், நன்றாகவே இருக்கின்றன. பள்ளிகளிடம் கேட்டுப் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது: ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தை, பள்ளியின் மேற்பார்வையில் மாணவரே படித்து ஸ்டாண்டர்ட் லெவலில் தேர்வு எழுத ஐபி டிப்ளமா இடம் தருகிறது. எங்களுக்கு இதைத் தானாக யாரும் சொல்லவில்லை.

சின்னவளை எட்டாவதில் பள்ளி மாற்றியதற்குத் தமிழும் ஒரு காரணம். புதுப் பள்ளியில் பத்தாவது வரை, தேர்வுப் பாடமாக இல்லாவிட்டாலும், தமிழ் வகுப்பு உண்டு. தமிழம்மா மதுரைக்காரர். முதல் வாரம் சின்னவள் எழுதியதைப் பார்த்து, "றகர ரகரம் அப்புறம் பார்த்துக்கலாம் பாப்பா, சொல்ல வந்தது எனக்குப் புரிஞ்சுது" என்றாராம். அன்றிலிருந்து அவளுக்குப் பிடித்த வகுப்பு அதுதான்.

மாற்றியதற்கு இன்னொரு காரணம் தூரம். 2017ல் காலை பஸ் முக்கால் மணி நேரத்தில் பள்ளியைத் தொட்டுவிடும். மாதவரம் – சிறுசேரி மெட்ரோ வேலை ஓஎம்ஆரில் தொடங்கியபின் அது ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டியது. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போதே தூக்கத்தோடு வரும். மழைக்காலம் வந்தால் கலெக்டர் லீவு விட்டாரா என்று காலையில் எல்லோரும் செய்தி பார்ப்போம். விடாவிட்டாலும் செம்மஞ்சேரி பக்கம் தண்ணீர் நின்றால் பஸ் வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் எல்லாம் நின்றபோது மூத்தவளுக்கு மாக் என்னும் மாதிரித் தேர்வுக்கான நேரம். வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் சுமாரான பள்ளியும், இருபது கிலோமீட்டரில் பெயர்பெற்ற பள்ளியும் இருந்தால், பத்தாவது வரை நான் அருகில் இருப்பதையே எடுப்பேன்.

கட்டணம்: எங்களுக்கு 2017ல் ஆறாவதுக்கு ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் கீழே, பன்னிரண்டாவதில் ஒன்பது லட்சத்தை நெருங்கியது. பஸ், லேப்டாப், சுற்றுலா, கடைசி வருடம் தேர்வுக் கட்டணம் எல்லாம் தனி. வருடாவருடம் எவ்வளவு ஏற்றுவார்கள், டெபாசிட் எப்போது திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐஜிசிஎஸ்இ பக்கம் வந்தபின் தெரிந்த நல்ல விஷயம், கேம்பிரிட்ஜ் இந்தியாவுக்கென்று மார்ச்சில் ஒரு தேர்வு வைக்கிறது, முடிவு மே மாதம். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குச் சரியாகப் பொருந்தும். ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏஐயு கணக்கில் பத்தாம் வகுப்புக்குச் சமம். ஐபியின் மிடில் பிரிவில் பத்தாவது முடிவில் வெளித்தேர்வு கட்டாயம் இல்லை. பள்ளி அதை நடத்தாவிட்டால் பிள்ளையின் கையில் இருப்பது அந்தப் பள்ளி தரும் சான்றிதழ் மட்டுமே. பதினொன்றில் சிபிஎஸ்இக்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறும்போது அங்கே கேள்வி வரும். ஒன்பது, பத்துக்கு மட்டும் ஐஜிசிஎஸ்இ வைத்துவிட்டு மறுபடி ஐபிக்குத் திரும்பும் பள்ளிகள் இருப்பது இதனால்தான்.

திரும்புவதற்கு வருடம் உங்கள் கையில் இருந்தால், எட்டாவது முடிந்தோ பத்தாவது முடிந்தோ வாருங்கள். ஐஜிசிஎஸ்இயும் டிப்ளமாவும் இரண்டிரண்டு வருடப் படிப்பு. நாங்கள் விசாரித்த பள்ளிகளில் பத்தாவதின் நடுவிலோ பன்னிரண்டாவதிலோ சேர்க்க யாரும் முன்வரவில்லை. கடந்த இரண்டு வருட ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் இவற்றை அங்கிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கிருந்து மெயில் போட்டு வாங்க வாரக்கணக்கில் இழுக்கிறது.